ஜன்னலைச் சாத்திய பிற்பகல்

இன்று காலை கைதவறிப் பித்தளைத் தாம்பாளம் தரையில் விழுந்தது. அந்த ஓசை அடங்கும்வரை அசையாமல் நின்றேன். நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டின் முன்கட்டில் நீ, பின்கட்டில் நாங்கள். என் மகள் வசந்திக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. திருச்சியில் பெரிய டாக்டர் ஒருவர், மூளை வளர்ச்சி போதாது, பள்ளிக்கூடம் அனுப்பிப் பயனில்லை என்றார். காதில் கோளாறு இருக்குமோ என்று என் கணவர் கேட்டார். டாக்டர் மேசையைத் தட்டினார், வசந்தி திரும்பினாள். அதோடு சரி.

நீதான் ஒப்புக்கொள்ளவில்லை. உன் அடுக்களையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று எடுத்துக்கொடுக்கிற பெண்ணுக்கா மூளை இல்லை என்றாய்.

"பெரிய டாக்டர்தான். இருந்தாலும் நாமளும் ஒருதரம் பாத்துடுவோமே."

மறுநாள் பிற்பகல் அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்துச் சிலேட்டைக் கொடுத்தோம். நீ பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினாய். சட்டென்று திரும்பினாள். மூன்று தடவையும் திரும்பினாள். காது கேட்கிறது, அப்படியானால் டாக்டர் சொன்னதுதான் சரி. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நீயோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தட்டாமல் கையை மட்டும் ஓங்கினாய். அப்போதும் திரும்பினாள்.

"சத்தத்துக்குத் திரும்பலடி. சுவத்துல விழற என் நிழலைப் பாக்குறா."

ஜன்னலைச் சாத்தினாய். தரையின் அதிர்வு தெரிந்துவிடக் கூடாதென்று அவளைத் தலையணைமேல் உட்காரவைத்தாய். ஓங்கித் தட்டினாய். எனக்கே காது அடைத்தது. குழந்தை நிதானமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் போதாது என்று ஒரு வாரம் தட்டினாய். ஒருமுறைகூட அவள் திரும்பவில்லை.

அதே டாக்டரிடம் என்னோடு நீயும் வந்தாய். முதலில் சிடுசிடுத்தார். அப்புறம் எழுந்துபோய் அவள் பின்னால் நின்று தானே கைதட்டிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். வசந்தி படித்தாள். கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனாள்.

அதற்குப் பத்து வருடம் கழித்து நீ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாய். இனி எதுவும் காதில் விழாது, பேசிப் பயனில்லை என்றார்கள். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசறது கேட்டா அழுத்துடி" என்றேன். அழுத்தினாய். மறுபடியும் சொன்னேன். அழுத்தவில்லை.

நீயாக இருந்தால் மூன்றாம் தடவையும், பத்தாம் தடவையும் கேட்டிருப்பாய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கையை விடாமல் சாயங்காலம்வரை உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு அழுத்தல் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.