நாற்பத்தொரு நாள் பக்கத்து வகுப்பில்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்,
சீருடை தைக்கும் கடை,
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்:
மாணவர் வருகை விசாரணை அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: தினமும் பள்ளிக்குப் போன என் மகளைப் பள்ளிக்கே வராதவள் என்று அறிவித்தது – தேர்வெழுத அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினாறு வயது வரை பிள்ளைகள் முழுநேரமும் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்னும் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. பன்னிரண்டு வயதில் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தையல் மெஷினில் உட்கார வைத்தபோது, இப்படியொரு சட்டம் வந்து தடுக்காதா என்று ஏங்கியவள் நான். காய்ச்சல் கண்ட நாள் தவிர என் மகளை வீட்டில் நிறுத்தியதே இல்லை.

2. அப்படியிருக்க, அவள் 41 நாள் வரவில்லை, ஆகவே தேர்வெழுத முடியாது என்று தங்கள் நோட்டீஸ் வந்தது. அதைக் கொண்டுவந்த ஆய்வாளர், நான் பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பதாக எண்ணித் துணி வெட்டும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "பொண்ண எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?" என்றார். "ஸ்கூல்ல இருக்கா சார்" என்றேன். "கதை விடாத" என்றார். அவர் கிளறிப்போட்ட காலர்களை அளவுவாரியாகப் பிரிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

3. பள்ளிக்குப் போய் விசாரித்தேன். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. அவர் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறாராம், மாணவர் வருகையைக் கணக்கெடுக்கும் சிறப்புப் பணியில். அந்த 41-ஐக் கூட்டிப் போட்டவரும் அவரே.

தலைமையாசிரியர் என் மகளைக் கூப்பிட்டு, "நீதான் கணக்குல புலியாச்சே, கொஞ்ச நாள் பாத்துக்கம்மா" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்திருக்கிறார். அவள் ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திய நேரத்தில் பத்தாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை, ஆப்சென்ட்.

4. வகுப்பாசிரியையிடம் நியாயம் கேட்டேன். "அவ எங்க இருந்தான்னு எனக்குத் தெரியும்மா. ஆனா என் ரூம்ல இருக்கறவங்களத்தான் ரெஜிஸ்டர்ல போட முடியும்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் தினமும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். என் மகளோ, விட்டுப்போன பாடங்களைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே, "பசங்களுக்கு இன்னும் பின்னம் முடியலம்மா" என்கிறாள். அழுதது நான்தான்.

5. ஆகவே அந்த 41 நாளையும் வருகையாக ஏற்று, அவளைத் தேர்வெழுத விடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாணவியாக ஏற்க மனம் வராவிட்டால் ஆசிரியையாகவாவது ஏற்றுக்கொள்ளுங்கள். வகுப்பில் இல்லாத ஆசிரியர் எவருக்கும் தங்கள் அலுவலகம் இதுவரை நோட்டீஸ் அனுப்பியதாகத் தெரியவில்லை.

6. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாணவி நேரில் விசாரணைக்கு வரவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளி நேரம். வந்தால் அன்று அவள் உண்மையிலேயே ஆப்சென்ட் ஆகிவிடுவாள். எனவே நான் மட்டும் வருகிறேன். அவளைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் தாங்கள் பள்ளிக்கு வரலாம், ஆறாம் வகுப்பில் இருப்பாள். வரும்போது அந்தக் கணக்கு ஆசிரியரையும் கையோடு கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனால், என் மகள் தன் வகுப்புக்குப் போய் உட்காருவாள்.

இணைப்பு: "அக்கா டெய்லி வந்தாங்க" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேர் கையெழுத்திட்ட தாள்.

நாள்: திங்கள், விசாரணைக்கு நான்கு நாள் முன்பு
இடம்: ஆய்வாளர் குனிந்து பார்த்த அதே மேசை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மாணவியின் அம்மா