நோரீன் பிரித்த கவர்கள்

அன்புள்ள உனக்கு,

கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்களாமே. ஐந்து வருஷம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முந்நூற்றுப் பத்து டாலர், வட்டி கிடையாது. வீடு தப்பியது. நீ இப்போது விசிலடித்துக்கொண்டே குளிப்பதாக மகள் சொன்னாள்.

கையெழுத்துப் போடப் போன அன்று, கடன் ஆலோசகர் நோரீன் கேட்காமலே உனக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுத்தாள். நீ சர்க்கரையை விட்டது எனக்குத் தெரியாது. கடன் இருப்பதையே முந்தின நாள்தான் என்னிடம் சொன்னாய், அதுவும் அவள் சொல்லச் சொன்னதால்.

நீ வண்டியை எடுக்கப் போனபோது அவளாகவே பேசினாள். "கடன் நோட்டீஸ் வந்த கவரைப் பிரிக்காமலே மூட்டையா கொண்டுவர்றவங்க நிறைய, கண்ணு. மீன் பிடிக்கப் போறப்ப எடுத்துப்போற ஐஸ்பெட்டியில கொண்டுவந்தது உன் ஆள் ஒருத்தன்தான். 'நான் பிரிக்கிறேன், நீ பேசாம டீயைக் குடி'ன்னேன். அழுதுட்டான்."

நானும் சிரித்துவைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நீ என் முன்னால் அழுததில்லை. அன்று மாலையே நான் பிரிஸ்பேனுக்கு, அக்கா வீட்டுக்கு வந்தது கடனால் என்று நினைத்திருப்பாய். இல்லை. மூட்டுவலியோடு நடக்கும் அந்த அறுபது வயதுக்காரி மேல் பொறாமை.

அந்தக் கவர்களோடு என்னிடம் வந்திருந்தால் "எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். அது நம் இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை டவுன்ஸ்வில்லுக்கு, நம் வீட்டுக்குத் திரும்புகிறேன். தொகையெல்லாம் அவளுடைய காகிதத்தில் இருக்கிறது. எத்தனை வருஷமாக என்னைப் பார்த்துப் பயந்தாய் என்பது அதில் இல்லை. அதையாவது அவளிடம் சொல்லாமல் வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் மனைவி