கடைசிப் பேருந்தின் எண்ணிக்கையும் பென்சிலில் எழுதிய உத்தரவும்

அனுப்புநர்:
பயிற்சி அலுவலர் எண் 14-இன் தங்கை,
பத்தாம் வகுப்பு மாணவி,
மாடி வீடு (கீழ்வீட்டில் இருப்பவர் எதிர்மனுதாரர்).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வெள்ளிக்கிழமை விசாரணையின் அதிகாரி,
பொதுக் கொள்கைத் துறை.

பொருள்: மாலை 6.40 மணிப் பேருந்து நிறுத்தப்பட்டது – பயணிகள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டச் சொன்ன பிரிவுத் தலைவர் – பழி என் அக்கா மீது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இது மொட்டைக் கடிதம் அல்ல. கையெழுத்தில்லாத மனுவை யாரும் படிப்பதில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால் கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுவதால் அடித்தல் திருத்தல் இருந்தால் மன்னிக்கவும்.

2. என் அக்கா பொதுக் கொள்கையில் பட்டம் பெற்று, தங்கள் துறையின் தேர்வில் பதினான்காவதாக வந்து, சென்ற ஆண்டு பயிற்சி அலுவலராகச் சேர்ந்தாள். அவளுக்கு ஒதுக்கப்பட்ட பிரிவின் தலைவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், அவர் கீழே. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல என்று அம்மா மகிழ்ந்தாள். இப்போது அம்மா அந்தப் பழமொழியைச் சொல்வதில்லை.

3. அக்காவுக்குக் கிடைத்த முதல் தனி வேலை, எங்கள் பள்ளி வழியாகப் போகும் கடைசிப் பேருந்தை வைத்துக்கொள்வதா நிறுத்துவதா என்று ஆராய்ந்து அறிக்கை தருவது. அவள் அதற்காகப் புதிதாக ஒரு கோடு போட்ட நோட்டும், மழைக்கு ஒரு குடையும் வாங்கினாள். முறையான கணக்கெடுப்புக்கு முன் மூன்று நாள் சோதனையாக எண்ணிப் பார்த்தாள். நானும் உடன் நின்று கோடு போட்டேன். ஏறியவர்கள் 61, 58, 64. பெரும்பாலும் சிறப்பு வகுப்பு முடிந்து போகும் மாணவிகள். ஆகவே பள்ளி நடக்கும் வாரத்தில்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று வரைவில் எழுதிக் கொடுத்தாள்.

4. பிரிவுத் தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வரைவின் ஓரத்தில் பென்சிலால்தான் உத்தரவு எழுதுவார். சுத்தப் பிரதி தட்டச்சாகி வந்ததும் வரைவைக் கிழித்துவிடுவார். கோப்பில் மையால் எழுதியது மட்டும் மிஞ்சும். அக்காவின் வரைவில் அவர் எழுதியது இது: "பள்ளி விடுமுறை வாரத்தில் எடுக்கவும். சோதனை எண்ணிக்கையை நீக்கவும். பத்துக்கு மேல் வரக் கூடாது." அந்தத் தடத்தை நிறுத்திக் காட்டுவதாக அவர் மேலதிகாரிகளிடம் முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

5. அக்கா நேரில் போய் இது தவறு என்று சொன்னாள். அவர் சொன்ன பதிலை அன்று மாலை அவள் எங்களிடம் சொன்னபடியே தருகிறேன்: "ஏம்மா, படிச்சதெல்லாம் காலேஜோட வச்சுக்க. இங்க நான் சொல்ற வாரத்துல எண்ணு, போதும்." அவள் விடுமுறையில் ஐந்து நாள் ஆளில்லாத நிறுத்தத்தில் நின்று எண்ணினாள். ஒரு நாளும் ஒன்பது பேருக்கு மேல் ஏறவில்லை. அறிக்கையில் "இது விடுமுறை வாரம்" என்று ஒரு வரி சேர்த்தாள். சுத்தப் பிரதியில் அந்த வரி இல்லை. பாராட்டுக் கடிதம் பிரிவுத் தலைவர் பெயருக்கு வந்தது. பேருந்து நின்றது.

6. அதன் பின் நாங்கள் நான்கு கிலோமீட்டர் நடக்கிறோம். என் வகுப்பில் ஒன்பது பேர் சிறப்பு வகுப்பை விட்டுவிட்டார்கள். சென்ற மாதம் என் பக்கத்து இருக்கைக்காரி, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் இருட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். பெற்றோர்கள் தங்கள் அலுவலக வாசலில் வந்து நின்ற பிறகு, விடுமுறையில் எண்ணியது யார் என்ற கேள்வி எழுந்தது. பாராட்டு வந்தபோது அறிக்கை அவருடையது. பள்ளம் வந்தபோது அது என் அக்காவுடையது. பயிற்சி அலுவலர் தம் இஷ்டத்துக்கு வாரத்தைத் தேர்ந்தெடுத்தார், பொறுப்பற்றவர், பணியில் உறுதி செய்யத் தகுதியற்றவர் என்று பிரிவுத் தலைவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தாங்கள் அதை ஏற்றால் அக்காவின் வேலை அன்றோடு போகும். இனி எந்த அரசுத் தேர்வும் எழுத முடியாதாம்.

7. அந்த ஒரு வரைவை மட்டும் அக்கா கிழிக்கக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். குடித்தார். அப்பாவிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். "பொண்ணுக்கு வேலை இன்னைக்குப் போனா நாளைக்கு இன்னொண்ணு வரும் சார். இந்தக் காலத்துல வீடு கெடைக்கறதுதான் கஷ்டம்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகத் தாள் ஒன்று தவறுதலாக இங்கே வந்திருப்பதாகச் சொல்லிப் போனார். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை வாங்கிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்து, கீழே கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

8. இனி எழுதப்போவது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. கவர் ஒட்டப்படவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று அந்தத் தாளை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பதிலுக்கு, கையோடு எடுத்து வந்திருந்த என் வடிவியல் வீட்டுப்பாடத்தில் ஒரு தாளை மடித்துப் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினேன். அவர் கவரைத் தடவிப் பார்த்தார். பிரிக்கவில்லை. என் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்தார். "போய் உங்கக்காகிட்ட சொல்லு, இதோட முடிஞ்சதுன்னு" என்றார். நான் தலையாட்டினேன். சொல்லவில்லை.

9. அந்தத் தாள் இணைப்பு 1 ஆக, ஒட்டிய கவரில் உள்ளது. எழுத்து அவருடையதா என்று ஒப்பிட இணைப்பு 2: மாடிப்படியில் அவர் கைப்பட எழுதி ஒட்டியிருந்த "எட்டு மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது" என்ற அறிவிப்பு. இப்படிப் பதினோரு அறிவிப்புகள் உள்ளன. ஒன்று குறைந்ததை அவர் கவனிப்பதற்குள் தாங்கள் நடவடிக்கை எடுத்தால் நல்லது.

10. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க நான் இதை எழுதவில்லை. விசாரணை முடியும்வரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அக்கா அடையாள அட்டையை ஆணியிலிருந்து கழற்றி அலமாரியின் அடியில் வைத்துவிட்டாள். நாள் தவறாமல் காலையில் குளித்து, தலைவாரி, எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவரோ கீழே பாட்டு முணுமுணுத்தபடி வண்டியைத் துடைக்கிறார். அந்தப் பாட்டு நிற்க வேண்டும். ஆகவே தங்களிடம் கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறேன்:

(அ) புகார் யார் மீதோ அவருக்கே அதை அனுப்பி விளக்கம் கேட்பது அலுவலக வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஒரு மனுவை அப்படி அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நாங்கள் தெருவில் நிற்போம்.

(ஆ) வெள்ளிக்கிழமை முதலில் அவரைக் கேளுங்கள். அப்படி ஓர் உத்தரவை எழுதவே இல்லை என்று அவர் சொல்வார். அதை மையால் எழுதி வாங்கி, தேதியோடு கையெழுத்தும் வாங்குங்கள். அதற்குப் பிறகு, அதற்குப் பிறகு மட்டும், இணைப்பு 1-ஐப் பிரிக்கவும்.

(இ) தாள் கீழே போய்விட்டது என்றுதான் அக்கா சொல்வாள். அவள் அப்படித்தான் நம்புகிறாள். அதைப் பொய்யாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாளைத் திருடியது நான். தண்டனை இருந்தால் எனக்குத் தரவும்.

(ஈ) அவரைப் பணியிலிருந்து நீக்குவது தங்கள் விருப்பம். நீக்கும் முன் ஒரு வாரம், பள்ளி நடக்கும் வாரம், மாலை 6.40-க்கு அவரை அந்த நிறுத்தத்தில் குடையில்லாமல் நிற்கவைத்து, நடந்து போகும் மாணவிகளை ஒவ்வொருவராக எண்ணச் சொல்லவும். எண்ணிக்கையை நாங்கள் சரிபார்த்துக்கொள்கிறோம்.

(உ) பேருந்து திரும்ப வர வேண்டும். அக்காவுக்கு வேலை உறுதியாக வேண்டும்.

11. பதில் அனுப்புவதானால் பள்ளி முகவரிக்கு அனுப்பவும். வீட்டுக்கு வரும் தபாலைக் கீழ்வீட்டில்தான் முதலில் பார்ப்பார்கள். இதை நாளை பள்ளிக்குப் போகும் வழியில் தங்கள் அலுவலக மனுப் பெட்டியில் போடுகிறேன்.

12. வெள்ளிக்கிழமை எனக்குக் கணிதத் தேர்வு. விசாரணை அறை வாசலுக்குக்கூட வர இயலாது. ஆகவே அந்தக் கவரைத் தாங்கள் பிரிக்கும் நேரத்தில், தாளைப் பார்ப்பதற்கு முன் அவர் முகத்தை ஒருமுறை, எனக்காக, நன்றாகப் பார்த்துவிடும்படி மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மாடி வீட்டுச் சமையலறை
நாள்: செவ்வாய்க்கிழமை

எழுதியதற்கு முழுப் பொறுப்பேற்கும்,
(கையெழுத்து)
பயிற்சி அலுவலர் எண் 14-இன் தங்கை

இணைப்புகள்: 1. ஒட்டிய கவர். 2. மோட்டார் அறிவிப்பு.