உன் தம்பிக்குச் சொல்லாமல் ஆடிய ஆட்டம்

என் குலம், என் ஆசை மச்சான்,

நீ போய் இருபத்துமூன்று நாள். உன் தம்பி நேசன் என்னோடு கதைப்பதை நிறுத்திப் பதினெட்டு நாள். நான்கு வருடம் ஒரே வீட்டில் என்னோடு சமைத்துச் சாப்பிட்டவன், இப்போது பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு நண்பன் வீட்டில் இருக்கிறான். நான் எடுத்தால் ரெலிபோனுக்கு வருகிறானில்லை. யாரிடம் போய் முறையிடுவேன்? உன்னிடம்தான் வருகிறேன்.

நாங்கள் வந்து குடியேறிய இந்த ஸ்காபரோ முழுக்க இன்னும் ஒரே கதை. ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் உதைபந்தாட்டத்தில் எங்கள் கல்லூரி எப்படித் தோற்றது? முதல் சுற்றில் நான்கு கோல் அடித்து விரட்டிய அணியிடமே இறுதியாட்டத்தில் இரண்டுக்கு ஒன்று! நடுவர் சரியில்லை என்கிறார்கள், புல் ஈரம் என்கிறார்கள். கப்டன் நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குச் சொல்கிறேன், கேள்.

அன்று காலை எட்டு மணிக்குக் கொழும்பிலிருந்து உங்கள் சித்தப்பா ரெலிபோன் எடுத்தார். வன்னியில் மலேரியாவில் நீ போய்விட்டாய், மருந்து கிடைக்கவில்லை, எரித்தே ஐந்து நாளாகிவிட்டது என்றார். எங்கள் கோல் காப்பாளன் நேசன் பக்கத்து அறையில் பாடிக்கொண்டே கையுறையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஆர் மச்சான் ரெலிபோனிலை?" என்று கேட்டான். "றோங் நம்பர்" என்றேன்.

நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். சாவுச் செய்தியை உடனே சொல்ல மாட்டோம். ஆள் சாப்பிட்டு முடிக்கட்டும், வேலையால் வரட்டும் என்று பொத்தி வைப்போம். எரித்து ஐந்து நாளான பிறகு இன்னும் நான்கு மணித்தியாலம் பொறுத்தால் என்ன? சித்தப்பா வேறு யாருக்கும் எடுத்திருப்பாரோ, மைதானத்தில் யாரும் உளறிவிடுவார்களோ என்ற பயத்தில், பின்வரிசையில் நிற்கும் தேவண்ணையிடம் மட்டும் சொல்லி வைத்தேன். ஆட்டம் தொடங்குமுன் நேசனைத் தவிர மற்றப் பத்துப் பேருக்கும் தெரிந்துவிட்டது.

உன் தம்பி கோலில் நின்றால் எப்படிக் கத்துவான்! அவன் ஏச, பின்வரிசை திருப்பி ஏச, அந்த ஏச்சில்தான் எங்கள் ஆட்டமே ஓடும். அன்று ஒருவரும் அவனை ஏசவில்லை. நாங்கள் ஒரு கோல் அடித்து முன்னுக்கு நின்றபோது, அவன் கையால் ஒன்று நழுவிப் போனது. ஓடிப்போய் எல்லோரும் முதுகைத் தடவிக் கொடுத்தோம். "என்ன உங்களுக்கு? ஏசுங்கோவன்!" என்றான்.

கடைசி நிமிடங்களில் ஒரு பந்து உயர வந்தது. "தேவண்ணை, வெளியாலை அடியுங்கோ!" என்று நேசன் கத்தினான். தேவண்ணை திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரணிக்காரன் பந்தைச் சும்மா கோலுக்குள் தட்டிவிட்டுப் போனான்.

ஆட்டம் முடிய நாங்கள் பத்துப் பேரும் அழுதோம். தோல்விக்கு அழுகிறோம் என்று நினைத்து, அவன் சிரித்துச் சிரித்து ஒவ்வொருவருக்கும் சோடா கொடுத்தான். "உதுக்குப் போய் அழுகிறியளே? அண்ணைக்குக் கடிதம் எழுதேக்கை வெண்டதெண்டே எழுதுறன். அவருக்கென்ன தெரியப்போகுது?" அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எத்தினை மணிக்குத் தெரியும்?"

"காலமை எட்டு மணிக்கு."

"அப்ப நான் சிரிச்சதெல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவ்வளவுதான் அவன் என்னோடு கடைசியாகப் பேசியது.

இனிச் சொல்வது தேவண்ணைக்கும் தெரியாது. இரக்கத்தால் மறைத்தேன் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். பொய், குலம். றிசீவரை வைத்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு நீ இல்லை. இவன் சாவுத் துடக்கென்று வீட்டில் இருந்துவிட்டால் கோலில் யாரை விடுவது என்பதுதான். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நான் என்ன பிறவி, மச்சான்? நீ என்னை ஏசவாவது வரமாட்டாயா?

வருகிற கிழமை அஜக்ஸில் உன் முப்பத்தோராம் நாள் கிரியை. என்னைக் கூப்பிடவில்லை. "இரக்கத்திலை செய்தனெண்டு சொல்லு, அவன் இளகிவிடுவான்" என்கிறார் தேவண்ணை. அவன் என்னை மன்னிக்க மிச்சமிருக்கும் ஒரே வழி அதுதான். அதையும் நானே அடைக்கப்போகிறேன். கூப்பிடாமலே போய், உன் படத்துக்கு முன் நின்று, கோப்பைக்காகத்தான் மறைத்தேன் என்று உன் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு.

அவன் உறவில்லை என்று சொன்னாலும் உனக்கு மச்சான்,
ரவி