சிட்டுவின் முதல் சொல்

பிரியமுள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். சித்தப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் மூன்று முறை கூப்பிட்டும் நான் வேண்டுமென்றேதான் போனை எடுக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், நீங்களோ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பீர்கள். அதனால்தான், தாமதமானாலும் கடிதம்.

சிட்டுவுக்கு இரண்டே முக்கால் வயதாகியும் பேச்சு வரவில்லை என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். என் மாமியாருக்குக்கூடத் தெரியாது. இரண்டே நாளில் பெரிய மாமா கூப்பிட்டு, "எல்லாத்துக்கும் நேரம் வரணும்மா, பாவம்" என்றார். ஒன்றுவிட்ட அக்கா, "நீ வேலைக்கு ஓடினா புள்ள யார்கிட்ட பேசும்?" என்றாள். நீங்கள் அக்கறையில்தான் சொல்லியிருப்பீர்கள். உங்கள் காதில் விழுந்த செய்தி டிக்கெட் எடுக்காமலே ஊர் சுற்றும் என்று அம்மா கேலி செய்வாரே, இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு சொந்தக்காரர்கள் எல்லோரும் சிட்டுவைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் விடாமல் அவள் தலையைத் தடவி, "பாவம்" என்றுவிட்டுப் போனார்கள்.

செவ்வாயன்று குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தவள், தன் தலையைத் தானே தடவி, "பாவம்" என்றாள். அவ்வளவு தெளிவாக, சித்தி. சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினேன். பிறகு அவள் போட்டோவைக் காட்டி இது யார் என்று கேட்டேன். அதற்கும் "பாவம்"தான். அது தன் பெயர் என்று நினைத்திருக்கிறாள். துண்டும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இனி அவளைப் பற்றி யார் கேட்டாலும், "அவ அம்மாகிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அது முடியாதென்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவளைப் பற்றி உங்களிடம் பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கோபம் இருந்தும், அவள் அப்பாவுக்கு அடுத்து இதை உங்களிடம்தானே சொல்கிறேன்!

சிட்டுவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, "கேள்வி கேட்டுத் துளைக்காதீங்க, பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருங்க" என்கிறார். எனக்குப் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. நம் குடும்பத்தில் அதற்கு உங்களை விட்டால் யார்? சனிக்கிழமை வாருங்கள். அவளை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை முழுவதையும் அவளிடமே கொட்டுங்கள். நூறு முறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அவளுடைய இரண்டாவது சொல் உங்களிடமிருந்து வரட்டும், சித்தி.

என்றும் உங்கள் மேல் பாசமுள்ள,
அக்கா மகள்