பிஸ்கட் பேணியில் பன்னிரண்டு சுருள்

12 மார்ச் 2024, செவ்வாய்

இன்று கடிகாரத் தொழிற்சாலை இடைவேளையில், பக்கத்து மேசை ரூத் ஒரு துணிப்பையை அவிழ்த்துக் காட்டினாள். காலமான தகப்பன் சேர்த்து வைத்த பழைய ஐந்து பிராங் காசுகள். அறுபத்தேழு வரை அடித்ததெல்லாம் வெள்ளியாம். பார்த்தால் இன்றைக்குப் புழங்கும் காசேதான், அதே மேய்ப்பன் தலை, அதே அளவு. கடிகாரப் பாகங்களை நிறுக்கும் தராசில் வைத்தேன். பழையது பதினைந்து கிராம். என் பணப்பையில் இருந்தது பதின்மூன்று சொச்சம். ஒன்று பத்து பிராங்குக்குத் தருகிறாள்.

நானோ இரண்டு மாதமாக வெள்ளிக் கட்டி வாங்கும் யோசனையில் இருக்கிறேன். வங்கியில் போட்டால் எமிலியானுஸ் பார்த்துவிடுவார். என் மனுசன் நல்லவர்தான். ஆனால் யாராவது எதிரில் நின்று கண் கலங்கினால் போதும். கடை வைத்திருந்த சிநேகிதனுக்குப் பிணை நின்றார். அவன் பூட்டிவிட்டுப் போய்விட்டான். பீல் நகரக் கடன் பதிவேட்டில் இன்றைக்கும் கிடப்பது இவர் பெயர்.

16 மார்ச்

கட்டியா, காசா? கட்டிக்கு வரி வேறு. அவசரத்துக்கு ஒரு துண்டு உடைத்து விற்கவும் ஏலாது. அதைவிட, அவர் கண்ணில் பட்டால் என்ன இது என்று கேட்பார். காசு என்றால் காசோடு காசாகக் கிடக்கும். யார் பார்த்தாலும் சில்லறை.

காசுதான். பழைய பிஸ்கட் தகரப் பேணியில் போட்டு, மகள் வனேசாவின் பள்ளிச் சுற்றுலாவுக்குச் சில்லறை சேர்க்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பொய்தான். ஆனாலும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

8 செப்டம்பர் 2024

காசைக் கடதாசியில் சுற்றிப் பன்னிரண்டு சுருள், சுருளுக்கு இருபது. ரூத்திடம் இனி இல்லை.

26 செப்டம்பர் 2025, வெள்ளி

கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். டிசம்பர் முடிவுக்குள் வெளியேற வேண்டும். பதினாறு வருடம் இருந்த வீடு. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், ஏதோ வேறு யாருக்கோ வந்ததுபோல.

30 அக்டோபர்

இருபத்தொன்பதாவது வீடும் இல்லை என்றாகிவிட்டது. கடன் பதிவேட்டுப் பிரதியைப் பார்க்கும்வரை எல்லா வீட்டுக்காரரும் நன்றாகத்தான் சிரிக்கிறார்கள். வனேசாவுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். எங்கே போவோம் என்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டாலாவது பரவாயில்லை.

20 நவம்பர், வியாழன்

ஒரு வீட்டுக்காரர் சம்மதித்தார்! பக்கத்து ஊர் நீடாவில் மூன்று அறை. பதிவேட்டில் பெயர் இருப்பதால் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், டிசம்பர் முதலாம் தேதிக்குள். இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது பிராங்.

நான் பயப்படவில்லை. வெள்ளி இப்போது காசுக்குப் பதினாறு போகிறது. கணக்குச் சரியாக வருகிறது. நாளைக்கு விற்றுவிட்டு வந்துதான் அவருக்குச் சொல்வேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

21 நவம்பர்

வெள்ளி வாங்கும் கடைக்காரர் முதல் சுருளைப் பிரித்தார். ஒரு காசைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று. பிறகு முழுவதையும் என் பக்கம் மெல்லத் தள்ளி, இவை வெறும் ஐந்து பிராங் அம்மா என்றார்.

1992. 1984. 2009. நாள் முழுக்க பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்திருக்கிறவள் நான். ஒன்றரை வருடமாகச் சுருளை மட்டும் எண்ணினேன், ஒரு தடவைகூட ஆண்டைப் பார்க்கவில்லை. ஒன்பது சுருள் வெறும் காசு. மூன்றுதான் வெள்ளி.

பஸ்ஸில் வரும்போது வனேசாவைச் சந்தேகப்பட்டேன். என் பிள்ளையை. மாதாவே, என்னை மன்னியும்.

22 நவம்பர்

எமிலியானுஸைக் கேட்டவுடனே ஒப்புக்கொண்டார். மாதம் ஒரு தரம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிய தேத்தண்ணியும் றோல்சும் விற்கிற மேசை இவர் பொறுப்பு. மிச்சம் கொடுக்கச் சில்லறை வேண்டும். ஒன்பது மாதமாக, ஒவ்வொரு தரமும் பேணியின் வலப்பக்கத்தில் ஒரு சுருள் எடுப்பாராம், விற்று முடிந்ததும் புதிதாக ஒன்று சுற்றி இடப்பக்கத்தில் வைப்பாராம்.

"ஒரு குத்திக் காசும் குறையேல்லை, றஞ்சினி. எண்ணிப் பாரும்."

உண்மைதான். ஒன்றும் குறையவில்லை.

"அது வெள்ளியப்பா," என்றேன்.

"வெள்ளியெண்டா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஐயோ, என்ர கெட்டித்தனம். காசோடு காசாகக் கிடக்கட்டும் எண்டு நான்தானே நினைச்சன். கிடந்தது. இப்ப எல்லாம் கோப் சுப்பர்மார்க்கெட்டிலயும் பேக்கரியிலயும் போய்ச் சேர்ந்திட்டுது. ஆருக்கும் தெரியாது. என்ன செய்யப் போறன்? எங்க போறது இந்தப் பிள்ளையோட?

24 நவம்பர்

தவணையில் கட்டலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். மாட்டாராம்.

30 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் எமிலியானுஸ் தேத்தண்ணி மேசையருகே என் பூதக்கண்ணாடியோடு நின்றார். ஒவ்வொருவரிடமும் பணப்பையைத் திறக்கச் சொன்னார். வீடு போவதையும், தான் பிணை நின்றதையும், விசாரிக்காமல் காசை எடுத்ததையும் சொன்னார். என் பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கழிப்பறைப் பக்கம் போய் நின்றேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, வெட்கத்தால் அல்ல.

நூற்றெண்பதில் இரண்டு கிடைத்தன. நாளைக்குள் மிச்சப் பணத்தைப் புரட்ட யாராலும் முடியாது. தன் பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு அறை இருப்பதாகச் சிறீதரன் அண்ணை சொன்னார்.

1 டிசம்பர்

வீடு போய்விட்டது.

31 டிசம்பர், புதன்

பழைய வீட்டின் கதவுத் திறப்பைக் கொடுத்தாயிற்று. மிச்ச வெள்ளியெல்லாம் சாமான் ஏற்றிய வானுக்கும், பழைய தளபாடத்தை எறிவதற்கும் போனது. ஒரே அறை. வனேசாவின் கட்டிலுக்கு முன்னால் திரை கட்டியிருக்கிறோம். கீழே கடையில் கருவாட்டுப் பெட்டி பிரித்தால் இங்கே மணக்கும்.

மத்தியானம் பாண் வாங்கப் போனவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். சிறீதரன் அண்ணை தந்த மிச்சத்தில் ஒன்று. 1954. இந்த ஒரு மாதமாக, கைக்கு வரும் ஒவ்வொரு ஐந்து பிராங்கையும் திருப்பிப் பார்க்கிறாராம். எனக்கு இன்றுதான் தெரியும்.

"நீங்களே வைச்சிருங்கோ," என்றேன்.

அவர் கேட்கவில்லை. பிஸ்கட் பேணியைத் தேடி எடுத்தார். பெட்டி ஒட்டிய பசைநாடாவில் ஒரு துண்டு வெட்டி மூடியில் ஒட்டினார். திரைக்குள்ளிருந்து வனேசா தடித்த பேனாவை நீட்டினாள். பெரிய எழுத்தில் எழுதினார்: வெள்ளி. சில்லறை அல்ல.

பேணி மேசை நடுவில் இருக்கிறது. உள்ளே ஒரு காசு.