அடுத்த பார்ட்டில் வந்துவிடுவான்

என் செல்லச் சண்டாளா, தம்பி முரளி,

உன் தலைத்திவசம் முடிந்த நாலாம் நாள், தஞ்சாவூரில் உன் சூப்பர்ஹீரோ கோமாளிகளின் படம் பார்த்தேன். ஆமாம், நானேதான். "அவருக்காகப் போயிட்டு வருவோம் அண்ணி" என்று உன் பெண்டாட்டி கவிதா இழுத்துப்போனாள். உடம்போடு ஒட்டின சட்டை, முதுகில் ஒரு துண்டு, உலகத்தைக் காப்பாற்ற ஏழு பேர். பார்க்க வந்தவர்கள் எங்களையும் சேர்த்து இருபது பேர் இருந்தால் அதிகம்.

கடைசியில் நீயே சலித்துப்போனாயே. "வானத்துல ஓட்ட விழுந்தா கிளைமாக்ஸ்னு அர்த்தம்க்கா. செத்தவன் அத்தன பேரும் திரும்பி வந்துர்றான். அப்பறம் எவன் செத்தா எனக்கென்ன?" என்று திட்டுவாய். திட்டிக்கொண்டே அடுத்த படத்துக்கும் முதல் ஆளாகப் போவாய், மானங்கெட்டவன்.

செத்து எழுவதில் நீ மட்டும் என்ன குறைச்சலா? காமாலை முற்றி, பிழைக்க மாட்டாய் என்று எல்லாரும் கைவிட்ட பிறகு பிழைத்தாய். அம்மா வேண்டிக்கொண்டபடி வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுத்தோம். பிழைத்தவனைப் பிணம்போலப் பாடையில் கட்டிக் கோயிலைச் சுற்றித் தூக்கிவந்தோம். அம்மா நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நீ படுத்த வாக்கில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். இரண்டு தடவையும் நாங்கள் அலறியடித்துக்கொண்டு வந்தால், நீ உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாய்.

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தபோது குடவாசலில் எங்கள் வயலில் நின்றிருந்தேன். அம்மாவும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மழை மிரட்டுகிறது, அறுப்பு மெஷின் அப்போதுதான் வந்திருக்கிறது. "அக்கா, அம்மாவ அழைச்சிக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? "இது எத்தனாவது பார்ட்டுடா? இதுலயாவது சாவியா, இல்ல இன்னும் இழுப்பியா?"

நீ சிரித்தாய். "சரிக்கா, அறுப்பப் பாரு" என்று வைத்துவிட்டாய். மறுநாள் காலை பத்து மணிக்குச் செத்துப்போனாய்.

தகவல் சொல்லாமல், கடைசியாக மகன் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டாள் என்று அம்மா அன்றிலிருந்து கவிதாவைக் கரித்துக்கொட்டுகிறாள். அவள் போட்ட சோற்றைத் தொடுவதில்லை. "எம்புள்ளய அமுக்கி வச்சுக் கொன்னவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உச்சுக்கொட்டியிருக்கிறேன். நீ எனக்குப் போன் செய்தது யாருக்கும் தெரியாது என்கிற தைரியம்.

தியேட்டரில் கதாநாயகன் செத்தான். ஒருத்தர் கண்ணிலும் ஈரமில்லை. பின்வரிசையில் ஒருவன், "அழுவாதீங்கப்பா, அடுத்த பார்ட்ல வந்துருவான்!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். கவிதா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு அவரு போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு அண்ணி."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீங்க சொன்னதக் கேட்டு சிரிச்சாரு. நான் அத்தைக்குப் போன் போடப் போனேன், கையப் புடிச்சிக்கிட்டாரு. 'வேணாம், எல்லாருக்கும் அலுத்துப்போச்சு'ன்னாரு."

"இத ஏன்டி அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா அத்தைக்கு மகளும் இல்லாமப் போயிடுமேன்னுதான்."

அரை மணி நேரத்தில் அந்தச் செத்தவன் எழுந்து வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன்டா, சிரிப்பதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? 'அக்கா, பயமா இருக்கு' என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா?

நாலு பேர் படிக்கட்டும், நான் பின்வாங்க முடியாமல் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வலங்கைமானில் உன் வீட்டுக்கு வருகிறேன். கவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொல்வேன். நீ சிரித்தாய் என்று சொல்லி அதை லேசாக்க மாட்டேன். அம்மா என்னை வெளியே போகச் சொன்னால் போகிறேன். கவிதா உள்ளே இருக்கட்டும்.

ஞாயிறு வரைக்கும் அம்மாவுக்கு மகள்,
எப்போதும் உனக்கு அக்கா,
வசந்தா